பேசின் பிரிட்ஜில் நின்ற படம்

பட்டாபிராமிலிருந்து கிளம்பும் காலை ரயிலின் லேடீஸ் பெட்டியில் கிருஷ்ணப்பிரியாவின் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. பாரிமுனையில் ஒரு பெயின்ட் கடையில் பில் போடுகிறவள். அங்கே "சரி சார்", வீட்டில் "சரிம்மா", ரயிலில் அதுவும் கிடையாது. ஆவடி வருவதற்குள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வாள்.

தம்பி தினேஷ் பர்மா பஜாரிலிருந்து கையகல வீடியோ பிளேயர் ஒன்றை வாங்கிவந்து கொடுத்ததும் அந்தத் தூக்கம் போயிற்று. வீட்டில் கிடந்த டிவிடி படங்களை அப்படியே அதற்குள் போட முடியாது. கம்ப்யூட்டரில் சின்னதாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். "அதெல்லாம் உன்னால ஆகாதுக்கா" என்றான் தினேஷ். அதற்காகவே அவள் உட்கார்ந்தாள்.

முதல் முறை மாற்றியதில் கதாநாயகன் முதல் கான்ஸ்டபிள் வரை எல்லாரும் முருங்கைக்காயாக நீண்டு வந்தார்கள். அடுத்த முறை முகம் சரியாக இருந்தது, குரல் முந்திக்கொண்டது. வில்லன் அறை வாங்குவதற்கு முன்பே "ஐயோ" என்றான். அதற்கும் அடுத்த முறை எல்லாம் கூடிவந்தது. மறுநாள் ரயிலில் பெருமையோடு பிளேயரை எடுத்தாள்.

பக்கத்தில் தாயம்மாள். பார்க்டவுனில் ஒரு ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிறவள். பெட்டியில் யார் எங்கே உட்காருவது என்பதுகூட அவள் சொல்படிதான்.

"இன்னாம்மே இது, சோப்பு டப்பாவுல சினிமா ஓடுது?" ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். "சத்தமா வையி. அல்லாரும் கேக்கட்டும்."

ஆவடியில் ஏறுகிற துணிக்கடை ஷாகிதாவும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று படம் ஓடியது. செய்யாத கொலைக்காகக் கதாநாயகன் ஜெயிலில் இருக்கிறான். அவனைக் காப்பாற்றும் ஆதாரம் பஸ் கண்டக்டரான கதாநாயகியின் பையில் இருக்கிறது. கோர்ட் வாசலில் துப்பாக்கியோடு வில்லன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கக் காலைத் தூக்கினாள்; திரை கறுத்துப்போனது.

வெளியே பேசின் பிரிட்ஜில், வழக்கம்போல சிக்னல் கிடைக்காமல் ரயிலும் நின்றுவிட்டிருந்தது.

"இன்னாடி, நின்னு பூட்சா? மிச்சம் எங்க?" என்றாள் தாயம்மாள்.

"அவ்ளோதான் ஏறியிருக்குக்கா."

"அப்ப நீ சொல்லு. அப்பால இன்னா ஆச்சு?"

கிருஷ்ணப்பிரியாவும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் சுற்றிலும் அத்தனை முகங்கள்; ரயிலும் நகர்வதாக இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்டக்டர் பையைச் சுழற்றி வில்லன் மூக்கிலேயே ஒன்று போட்டாள் என்றாள். விடுதலையாகி வந்த கதாநாயகன் கல்யாணத்துக்குக் கேட்டானாம். "முதல்ல ஒரு வேலையைத் தேடிக்கோ" என்று சொல்லி, விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பச் சொன்னாளாம். பெட்டியே கைதட்டியது.

திங்கட்கிழமை ஷாகிதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நேத்து டிவில அந்தப் படம் போட்டாங்க. அவ குண்டடிபட்டு செத்துப் போறா! விசிலாவது ஒண்ணாவது!"

கிருஷ்ணப்பிரியாவுக்குக் காது சுட்டது. "நான் பாக்கவே இல்லக்கா. டிஸ்க்குல படம் துண்டு துண்டா இருக்கும். கடைசித் துண்டைச் சேர்க்க மறந்துட்டேன். எல்லாரும் கேட்டீங்களேன்னு..."

தாயம்மாள் முறைத்தது ஷாகிதாவைத்தான். "அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணான்னு சாவடிச்சானுங்கோ? இவ சொன்னதுதான் நல்லா கீது."

ஷாகிதா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். அழுது அழுது எனக்குத் தலைவலியே வந்துடுச்சு."

அடுத்த படத்தைக் கடைசித் துண்டுவரை ஒழுங்காக மாற்றி எடுத்துவந்தாள் கிருஷ்ணப்பிரியா. முடிவு நெருங்கும் நேரத்தில், கொரட்டூர் தாண்டியதும், தாயம்மாளின் உள்ளங்கை திரையை மூடியது.

"மெஷினு போதும். நீ சொல்லு."

பெட்டி இரண்டு கட்சியானது. ஒரு பக்கம் கடைசியில் கல்யாணம் வேண்டும் என்றது, இன்னொரு பக்கம் படத்தில் வரும் மாமியாரை ஊருக்கு அனுப்பச் சொன்னது. ஷாகிதா இரண்டுமே வேண்டும் என்றாள்.

"செத்த சும்மா இருங்க! கதை சொல்றது நானா, நீங்களா?"

கிருஷ்ணப்பிரியா போட்ட அதட்டலில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.