சாயத் தண்ணீரில் எடுத்த உப்பு

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்ததும், ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியை ஒட்டிய ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். சாயக் கழிவைக் காய்ச்சி, தண்ணீரைத் தனியாகவும் உப்பைத் தனியாகவும் பிரிக்கிற எவாப்பரேட்டர் அங்கே புதிதாக வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அது ஓடத் தொடங்கிய வாரமே, பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டில் வந்து சத்தம் போட்டார்.

"ஏட்டி, தண்ணியக் கெடுத்தது காணாதுன்னு இப்ப புகைய வேற விடுதீகளா?"

"புகை இல்லக்கா, வெறும் ஆவி. உள்ள வந்து பாருங்க."

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனேன். உண்மையில் அந்த மெஷினைக் காட்டிப் பெருமைப்பட எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

உப்பு விழுகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். ஈரமாக, லேசான பழுப்பு நிறத்தில் அது குவிந்துகொண்டே இருந்தது. ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இம்புட்டும் ஒரு நாளைக்கா?"

"ஆமாக்கா. இதையே திரும்பச் சாயத்துல போட்டுக்கிடுவோம்."

"மெஷின் வாரதுக்கு முன்னாடி இது எங்க போச்சு?"

"ஓடைக்குத்தான்க்கா."

"ஓடையில இருந்து?"

பட்டுப்போன அவருடைய எலுமிச்சை மரங்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறேன்.

கையைத் தட்டிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "இத எங்க கெணத்துல மாட்டுனா உப்ப எடுத்துருமா, தாயி?"

அவர் திட்டியபோது வலிக்காதது அப்போது வலித்தது. "கெணத்துல எடுத்தாலும் மண்ணுல இருந்து ஊறிக்கிட்டே இருக்கும்க்கா. மழைதான் கழுவணும்."

"எத்தன மழை?"

"தெரியலக்கா."

அதிலிருந்து மழை பெய்து ஓய்ந்தால் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்துவிடுவார். உப்பளக்கிற மீட்டரை அதில் முக்கி, உள்ளதைச் சொல்வேன். பல தடவை அப்படியேதான் இருந்தது. போன ஐப்பசிக்குப் பிறகு உப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எலுமிச்சைக்கு ஆகாதுக்கா. மாட்டுப்புல்லு வேணா போட்டுப் பாருங்க."

போட்டார். புல் வந்தது. மாடு ஒன்றும் வாங்கிவிட்டார். முதலாளியை வழியில் கண்டால் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.