மஹ்ரூப் சொன்ன வருமானம்

கலேவெலயில் எங்கள் பக்கத்து வீட்டு நூருன்னிஸா ராத்தா, புருஷன் மவுத்தான பிறகு இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே ஒரே மகன் மஹ்ரூபை ஆளாக்கியவர். அவன் மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்து நன்றாகத்தான் இருந்தான். உம்மாவுக்கு ஒரு சதம் கொடுத்ததில்லை. கை நடுக்கம் வந்து ராத்தாவால் இடியாப்பம் பிழிய முடியாமல் போனபின், அரிசியும் பருப்பும் அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கும் சமுர்த்தி முத்திரையில்தான் வந்தன.

இரண்டாயிரத்து நான்கில், வயதானவர்களின் வருமானத்தை விசாரிக்க ஒரு கணக்கெடுப்புக்காரர் வந்தார். அந்நிய ஆண் வந்தால் ராத்தா திரைக்கு உள்ளேதான். முன்னறையில் ஆம்பிளை பேச வேண்டும். அன்று பார்த்து, உம்மாவின் வீட்டு வளவுத் தேங்காயை ஏற்றிப்போக மஹ்ரூப் வந்திருந்தான். கதிரையில் சாய்ந்துகொண்டான்.

"உங்க உம்மாவுக்கு வருமானம் எவ்வளவு வருது?"

"நான்தான் மாசம் ஐயாயிரம் குடுக்கிறேன். உம்மாவ நான் பாக்காம வேற ஆரு பாக்கிற?"

திரைக்குள் ராத்தாவோடு நானும் நின்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சப் பொய் ராத்தா, சொல்லுங்களேன்" என்று இடித்தேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

"பிறத்தியார் முன்னால எப்பிடிப் புள்ள? அவன்ட மானம் போயிரும்."

மானமாம். சில மாதங்களில் முத்திரை நின்றது. ராத்தா பஸ் ஏறி மாத்தளைக்குப் போனார், துணைக்கு நானும். மகனைக் கடை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"மகன், நீங்க சொன்ன அந்தச் சல்லியத் தாங்களேன். அத வெச்சுத்தான் முத்திரைய வெட்டிட்டாங்க."

சிரித்தான் பாவி. "அது ஒரு பேச்சுக்குச் சொன்னது உம்மா. ஒண்ணும் குடுக்கிறதில்லன்டு சொன்னா என்னப் பத்தி என்ன நினப்பாங்க?"

திரும்பி வரும்போது பஸ் நாலந்தா ஊரைத் தாண்டியதும் ராத்தா அழுதார். "நான் அவன்ட மானத்தக் காப்பாத்தினேன். அவன் என்ட சோத்துல மண்ணப் போட்டுட்டான்."

முத்திரையை வெட்டியதற்கு முறைப்பாடு போட்டோம். மறுபடி விசாரிக்க அதே ஆள் வந்தார். எப்படியோ கேள்விப்பட்டு மஹ்ரூபும் வந்து அதே கதிரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் ராத்தா திரையை விலக்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறையில் வந்து நின்றார்.

"என்னட்டக் கேளுங்க மாத்தயா. எனக்கு ஒரு வருமானமும் இல்ல."

"மகன் குடுக்கிறதாச் சொன்னாரே?"

ராத்தா மஹ்ரூப் பக்கம் திரும்பவே இல்லை.

"இவரு தேங்கா ஏத்த வாறவரு. எனக்கு மகன் இல்ல."