பதினான்கு பேருக்கு ஞாபகமிருந்த முடிவு

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு விடுதிக் கூடத்தில் இது நடந்தது. ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவன் என்ற நினைப்பில் உள்ளே போனேன். வெளியே வரும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல், குனிந்தபடியே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

தென்காசி வட்டாரத்தில் காமிக்ஸ் படிக்கிற ஆட்கள் ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கூடுவோம். பழைய காகிதத்தின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள், சாரல் அடிக்கிற ஊராகப் பார்த்து ஏன் கூடுகிறோம் என்பதை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. ஆளாளுக்குப் புத்தகத்தை இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் மேல் துண்டைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் சாயங்காலம் வரை புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது எங்களின் ஒரே சட்டம்.

எனக்கு வேலை காப்பீட்டு அலுவலகத்தில். நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களைப் படித்து, இது நிஜமாக நடந்ததா என்று சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் தருகிறார்கள். இருபத்தெட்டு வருடம் இதையே செய்தால், வீட்டில் சாம்பார் ருசியாக இருந்தாலும் ஏன் என்று தோன்றும். குழுவிலும் எனக்கு அந்தப் பதவிதான். எந்தப் புதுக் கதை வந்தாலும் அது எந்தப் பழைய கதையிலிருந்து உருவியது என்று சொல்லும் பொறுப்பை யாரும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஒரு சின்னப் பதிப்பகம் தமிழிலேயே எழுதி வரைந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் இரண்டே இரண்டு இனிஷியல். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன்தான் நாயகன். அவனுக்கு அசுர பலம் வருகிறது. ஆனால் அந்தப் பலத்தை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும், அவன் மேல் பாசமுள்ள யாரோ ஒருவர் அவனை அடியோடு மறந்துவிடுவார்கள். கடைசியில் உடைகிற அணையைத் தோள் கொடுத்துத் தாங்குகிறான். ஊர் பிழைக்கிறது. வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறக்கிற அம்மா, "யாருய்யா, என்ன வேணும்?" என்கிறாள். "ஒண்ணுமில்ல, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்கிறான். சொம்பில் தண்ணீர் தருகிறாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்துவிட்டு நடக்கிறான்.

குழுவில் கருத்துகள் கொட்டின. மாறுவேடத்தில் ஒளிந்து வாழ்ந்த இதிகாச ராஜாக்கள் வாடை அடிக்கிறது என்றார் ஒருவர். கிராமதேவதைக் கதைக்குப் பேண்ட் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எல்லோரும் சொன்னது 'வாடை' மட்டும்தான். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை.

நான் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை நான் முன்பே படித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், சுரண்டையில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில் எடுத்த மொழிபெயர்ப்புக் காமிக்ஸில். அதில் முகமூடி போட்ட வெளிநாட்டு வீரன் ஒருவன் கடல் வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காப்பாற்றிவிட்டு வீடு திரும்புவான். அம்மாவுக்கு அடையாளம் தெரியாது. தண்ணீர் கேட்பான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்தப் புத்தகம் இப்போது யாரிடமும் கிடையாது. ஆனால் என் தலைக்குள் ஒரு பிரதி பத்திரமாக இருந்தது.

முந்நூறு வரிக்குக் குறையாமல் எழுதிக் குழுவில் போட்டேன். 'அம்மாவின் கேள்வி அதே, மகனின் பதில் அதே, வெட்கமில்லாமல் சொம்பு கூட அதே' என்று முடித்திருந்தேன். அந்தச் சொம்பு வரியை எழுதிவிட்டு எனக்கு நானே சிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"ஆபீஸ்ல சந்தேகப்பட்டுக் கெடக்கது பத்தாதா ஒங்களுக்கு? பாவம், அந்த மனுசன் யாரோ எவரோ" என்றாள் என் மனைவி. அவளுக்கு இலக்கிய நேர்மை தெரியாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியாதது. ஒருவர், "ஆமா, எனக்கும் அந்த முடிவு ஞாபகமிருக்கு" என்று எழுதினார். பிறகு இன்னொருவர். சாயங்காலத்துக்குள் பதினான்கு பேருக்கு அந்தக் கடைசிக் காட்சி ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் அந்த வயதில் அதைப் படித்து அழுததாகவே எழுதினார்.

பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ரெண்டாவது கதை அச்சுக்குப் போகப் போகுது. நீங்க சொல்லுதது உண்மையின்னா நிறுத்தணும். அந்தப் பழைய பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

"புக்கு இல்ல. ஆனா பதினாலு சாட்சி இருக்கு" என்றேன். அலுவலகத்தில் யாராவது இப்படி மனு கொடுத்தால் அன்றே தள்ளுபடி செய்திருப்பேன்.

அவர் இரண்டாம் கதையை நிறுத்தி வைத்தார். குற்றாலக் கூட்டத்துக்கு எழுத்தாளரையே வரச் சொல்லியிருப்பதாகவும், அங்கே பதில் கிடைக்காவிட்டால் தொடரையே கைவிடப்போவதாகவும் குழுவில் அறிவித்தார்.

கூட்டத்தன்று காலை அருவிக் குளியலைக்கூடச் சுருக்கமாகத்தான் முடித்தோம். கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எழுத்தாளர் பயந்து மனைவியை அனுப்பியிருக்கிறார் என்று நான் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தேன். பதிப்பாளர் எழுந்து, இவர்தான் எழுத்தாளர், சுரண்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்றார். ஜெராக்ஸ் என்றதும் எனக்குள் இருந்த அதிகாரி கண்ணடித்தான்.

அப்போதுதான் அச்சன்புதூர் நண்பர் எழுந்தார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தவர். எங்களில் பெரிய சேகரிப்பு அவருடையது. துண்டைப் பிரித்தார், உறைகளைப் பிரித்தார், மேஜையில் அந்தப் பழைய புத்தகத்தையே வைத்தார். நாற்பது வருடம் கழித்து அதே அட்டை. போன மாதம்தான் யாரிடமோ வாங்கினாராம்.

"கடைசிப் பக்கத்தைத் திறங்க. பாத்துருவோம்" என்றேன்.

திறந்தார். முகமூடி வீரன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கப்பல் மேல் தளத்தில் நின்றான். மேயர் அவனுக்குப் பதக்கம் குத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணோம். முன் பக்கத்தைப் புரட்டினோம். அதற்கும் முன் பக்கத்தைப் புரட்டினோம். கதை முழுவதிலும் அவனுக்கு அம்மாவே இல்லை.

பதினான்கு பேரில் கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. வெள்ளக்காரி வீட்டுல சொம்பு எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டார் துபாய் நண்பர்.

நாற்பது வருடமாக அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. உலகத்தையே சந்தேகப்படுகிறவன் சொம்பை நம்பியிருக்கிறேன்.

கூடம் சிரித்து ஓய்ந்தபோது அந்தப் பெண் முதல் முறையாகப் பேசினார். "நீங்க எடுத்த புஸ்தகம் எந்தக் கடையில உள்ளது, சார்?"

சொன்னேன். சுரண்டையில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேலே மாடியில்.

"அது எங்க அப்பா கடை. அந்தப் புஸ்தகத்துல கடைசி நாலு பக்கத்த யாரோ கிழிச்சுட்டுப் போய்ட்டாவ. எடுத்துட்டுப் போறவங்கல்லாம் முடிவு இல்லன்னு சண்டை போடுதாவ. வேற பிரதி கெடைக்கல. நான்தான் வரைஞ்சு எழுதி ஒட்டுனேன். அப்ப எனக்குப் பதிமூணு வயசு."

வாடகைக் கடைப் புத்தகங்களில் கையால் எழுதி ஒட்டிய பக்கங்கள் இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். கடைக்காரர் வேறு ஒரு பிரதியைப் பார்த்து நகல் எடுத்து ஒட்டியிருப்பார் என்று நாங்கள் நம்புவோம். அந்த நான்கு பக்கங்களும் கையால் எழுதியவை என்பது எனக்கு நினைவிருந்தது. அதைக் குழுவில் சொல்ல வேண்டிய தகவலாக நான் நினைக்கவில்லை.

அப்போதும் நான் உடனே நம்பவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லோர் முன்னாலும் கடை இருந்த இடத்தை நானே சொல்லிவிட்டேன், அதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டலாமே என்று மனம் ஓடியது. "அந்தப் பக்கத்துல வேற என்ன இருந்துச்சு? நான் எழுதாதது ஏதாவது சொல்லுங்க" என்றேன், மனுதாரரிடம் கேட்கிற குரலில்.

அவர் யோசிக்கவில்லை. "முகமூடி வரைய எனக்கு வரல. கோணிக்கோணிப் போச்சு. அதனால நாலு பக்கமும் அவன முதுகு காட்டியே நிக்க வச்சிருப்பேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த முதுகு. பெற்றவளே மறந்துபோன மனிதனின் முகத்தை இனி நமக்கும் காட்டக்கூடாது என்று முடிவு செய்த அந்த முகம் தெரியாத வெளிநாட்டு ஓவியனின் மேதைமையைப் பற்றி, என் மகனுக்கும் மருமகளுக்கும் பலமுறை வகுப்பு எடுத்திருக்கிறேன். குழுவில் எழுதியதில்லை. புதிய புத்தகத்திலோ நாயகன் முகத்தைக் காட்டியே நிற்கிறான்.

பதிப்பாளர்தான் கேட்டார், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று.

"நீங்க அந்தப் பதிவ எனக்கு அனுப்பினதுமே சொல்லலாம்னு டைப் பண்ணேன், அழிச்சிட்டேன்" என்றார். "கடையும் போச்சு, அந்தப் புஸ்தகமும் போச்சு. சின்னப் பிள்ளையில நானே எழுதினதுன்னா, திருடினவ சொல்லுத மாதிரில்லா இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு வரவும் வேண்டாம்னுதான் இருந்தேன். நீங்க எழுதினதுல சொம்புன்னு இருந்துச்சு பாத்தீங்களா, அங்கன நிறுத்திட்டேன். அப்ப அதை யாரோ படிச்சிருக்காவ, இல்லையா? அந்த ஆளப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். நாற்பது வருடம் தாமதமான வாசகர் கருத்து அது.

அங்கேயே உட்கார்ந்து குழுவில் மறுப்பு எழுதினேன். பழைய பதிவை அழிக்கும் காலக்கெடு முடிந்திருந்தது. அது அப்படியே இருக்கிறது. பதினான்கு பேரில் மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று எழுதினார். மார்கழியில் இரண்டாம் கதை வந்தது. மூன்றாவதும் வந்துவிட்டது. ஆனால் என் பேச்சைக் கேட்டுத் தொடரை விட்டவர்கள் சிலர் திரும்பவே இல்லை. போன மாதம் வேறொரு குழுவில் யாரோ, "அந்தக் காப்பியடிச்ச கதையா?" என்று கேட்டிருந்தார். நான் மறுத்து எழுதினேன். என் மறுப்பை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுத்தாளருக்கு நான் சொந்தமா என்று கேட்டார்.

இப்போதும் ஒரு புதுப் புத்தகத்தைப் படித்ததும், 'இது அங்கேயிருந்து எடுத்தது' என்று எழுத விரல் பரபரக்கத்தான் செய்கிறது. எழுதுவதற்கு முன், அந்த 'அங்கே'யை எழுதியது யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அநேகமாக ஒவ்வொரு முறையும், தெரியாது என்றே பதில் வருகிறது.