அரசர் பாயசம் குடித்த பாத்திரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில், புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடுகிற கண்டி மாளிகையை முதலில் பார்த்துவிட்டு வந்தவர் அப்பா. அவர் பார்த்தது ஒரு முதுகை. பௌர்ணமி லீவான ஒரு போயா தினத்தில் தோட்டத்து ஆட்களோடு லொறியில் போயிருக்கிறார். வரிசையில் நின்று, இடிபட்டு, படியேறி, சன்னிதிக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது அவருக்கு நேர் முன்னே ஓர் உயரமான மனிதர் நின்றுவிட்டார். பின்னாலிருந்து தள்ளினார்கள். கூப்பிய கையை இறக்க நேரமில்லாமல் அந்த மனிதருடைய வெள்ளைச் சட்டையைக் கும்பிட்டுவிட்டு அப்பா இறங்கி வந்துவிட்டார். அம்மா போனது இன்னொரு போயாவில். அவள் பார்த்தது ஏராளமான தலைகளும் ஒரு குடையும். பக்கத்தில் பழைய அரசர்களின் சாமான்களை வைத்திருக்கும் காட்சிச்சாலை இருக்கிறதே, அதன் வாசற்படியைக்கூட அவளால் மிதிக்க முடியவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு லீவு என்றால் போயா, இல்லாவிட்டால் ஞாயிறு. நாடு முழுவதற்குமே அன்றுதான் லீவு என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. துணியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எந்த பஸ்ஸில் எந்த நேரம் ஏறினால் ஆசனம் கிடைக்கும், எந்த வாசலில் எத்தனை மணிக்கு ஆள் குறையும் என்பதுதான் அவருடைய பேச்சு. “கூட்டத்துல போறவன் கூட்டத்தத்தான் பாப்பான். மாளிகையப் பாக்கணும்னா எங்கூட வாங்க” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவிட்டுப் போவார். அம்மா சிரிப்பாள். வேலை நாளில் வேலைக்குப் போகாமல் கண்டிக்குப் போவது எங்கள் லயத்தில் யாரும் செய்யாத காரியம்.

ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் வருடத்தில் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அதற்குக் காரணம் நான். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மேலே படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல, பயத்தால். “பொட்டப்புள்ளய தனியா பஸ்ல அனுப்பி, அங்க போயி ஒண்ணும் வெளங்காம திரும்பி வந்தா? நெசமாவே படிக்கிற புள்ளதான்னு தெரிஞ்சா அனுப்பலாம்” என்றார். படிக்கிற பிள்ளையா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. பேருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் முதல் ஆளும் நான்தான். இதை இப்போதும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த வயதில் கர்வம் இன்னும் அதிகம். பால்மா டின்னில் இருக்கிற இங்கிலீஷை எங்கள் டீச்சர் ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தார். அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் டின்னை எடுத்துவந்து வாசித்துக் காட்டுவேன். “எம்மவ மூணு பாஷையும் வாசிப்பா” என்று அம்மா மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“அப்ப கண்டிக்கு எங்கூட அனுப்பு மச்சான். அங்க கண்ணாடிப் பொட்டிக்குப் பொட்டி சீட்டு எழுதி வச்சிருக்கான். வாசிக்கட்டும், கேட்டுட்டு வந்து நானே சொல்றேன்” என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா சம்மதித்தார். டின் வாசித்த வாயால் நானும் “வாசிப்பேன்” என்று சொல்லிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை விடிகிற நேரத்தில் இறம்பொடையில் பஸ் ஏறினோம். அம்மா கட்டியிருந்தது கல்யாணச் சேலை. விரல்களில் இருந்த கொழுந்துக் கறையைத் தேசிக்காயை வெட்டித் தேய்த்தும் போகாததால் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே வந்தாள். மாமா வழியெல்லாம் திட்டத்தை விளக்கினார்.

“பூசைக்கு மேளம் அடிச்சொடன சனமெல்லாம் மேல ஓடும். நாம ஓடக்கூடாது. அந்த நேரம் காட்சிச்சாலைக்குள்ள பூந்துறணும். பூசை முடிஞ்சு சனம் காட்சிச்சாலைக்கு வரும். அப்ப நாம மேல போயி நிதானமா சாமி கும்புடணும். எல்லாரும் போற பக்கம் போகாதீங்கக்கா. அவ்வளவுதான் ரகசியம்.”

மாமா சொன்னபடியே எல்லாம் நடந்தது. மேளம் அடித்தது. பூத்தட்டுகளோடு நின்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். நாங்கள் மூவரும் எதிர்ப்பக்கமாக நடந்து காட்சிச்சாலைக்குள் நுழைந்தோம். உள்ளே ஒரு நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு ஒருவரும் இல்லை.

“பாத்தீங்களாக்கா? ஈ காக்கா கிடையாது!” மாமா சொந்த வீட்டைத் திறந்து காட்டுவதுபோலக் கைகளை விரித்தார்.

இத்தனை நாளும் நான் கூட்டத்தை நம்பியிருந்தேன். கூட்டம் இருந்தால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், ஒன்றிரண்டு சீட்டுகளுக்கு மேல் வாசிக்க நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது தள்ளுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை.

கொழுந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. நிரையில் இறங்கிவிட்டால் கடைசிச் செடி வரைக்கும் ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டுதான் கரையேற வேண்டும். நடுவில் ஒரு செடியை விட்டுத் தாவினால் கங்காணி ஏசுவதற்கு முன்னால் பக்கத்து நிரைக்காரி ஏசிவிடுவாள். அம்மா அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள். வரிசையாக இருந்தன. இடது கோடியில் இருந்த முதல் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ம். இதுலருந்து ஆரம்பி.”

முதல் இரண்டு சீட்டுகளில் தமிழும் இருந்தது. தலையை நிமிர்த்தி, தெருவில் கேட்கிற குரலில் வாசித்தேன். மூன்றாவதில் என் கண்ணுக்குத் தமிழ் அகப்படவில்லை. சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது பஸ் பெயர்ப் பலகை அளவுதான். இங்கிலீஷில் ‘கிங்’ என்ற சொல் தெரிந்தது. ‘தி’ என்ற சொல்லும் தெரிந்தது. அது நிறைய இடத்தில் இருந்தாலும் எதற்கும் உதவவில்லை.

உள்ளே இருந்தது ஒரு சீப்பு. “இது அரசருடைய சீப்பு” என்றேன்.

அம்மா சீட்டைப் பார்த்தாள். “நாலு வரி எழுதியிருக்கு. நீ ஒரு வரிதானே சொன்ன?”

கொழுந்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்கிறவள் அம்மா. நான் உடனே மீதி மூன்று வரியையும் சேர்த்தேன். அரசருக்கு முடி நீளம் என்றும், சண்டைக்குப் போகும் முன்னால் அரசிதான் வாரிவிடுவார் என்றும், ஒருநாள் வாராமல் போனதால் தோற்றுவிட்டார் என்றும் வாசித்தேன். அம்மா தலையாட்டினாள். “பாவம்” என்றாள். அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

அதன்பிறகு நான் அரசரை விடவில்லை. எட்டு வரிச் சீட்டுக்கு எட்டு வரிக் கதை. வளைந்த கத்தி ஒன்று அரண்மனையில் பலாப்பழம் வெட்டியது. விளக்கு தொங்கவிடும் தூக்கு, அரசரின் பேரப்பிள்ளை ஆடிய ஊஞ்சலாயிற்று. மாமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பெருமை தாங்காமல் காவலாளியிடம் போய், “மகத்தயா, எங்க அக்கா மக இங்கிலீஷ் வாசிக்குது” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். என் குரல் பாதியாகிவிட்டது.

“சத்தமா வாசி பாப்பா, அவரும் கேக்கட்டும்” என்றார் மாமா.

இன்னும் பாதி நிரைக்கு மேல் இருந்தது. நான் பிள்ளையாரையும் புத்தரையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்: எப்படியாவது ஒரு பஸ் நிறைய ஆட்களை அனுப்புங்கள்.

அடுத்த பெட்டியில் வாய் அகன்ற, இடுப்பு சிறுத்த ஒரு பித்தளைப் பாத்திரம் இருந்தது. ஆறு வரிச் சீட்டு. “இது அரசர் பாயசம் குடித்த பாத்திரம்” என்று ஆரம்பித்தேன். பால் எத்தனை, முந்திரி எத்தனை என்பதெல்லாம் சொல்லி முடிக்கும்போது வாசலில் பெரும் சத்தம் கேட்டது. என் வேண்டுதல் பலித்துவிட்டது. வெள்ளைச் சீருடையில் அறுபது எழுபது பிள்ளைகள் இரட்டை வரிசையாக உள்ளே வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து சுற்றுலா வந்த பள்ளிக்கூடம். நான் மூச்சு விட்டேன்.

அவர்களோடு வந்த டீச்சர் கண்ணாடி போட்டவர், பெரிய குரல். அத்தனை பெட்டிகள் இருக்க, நேராக எங்கள் பெட்டிக்கு வந்து சீட்டைக் குனிந்து பார்த்தார்.

“பிள்ளையள், இஞ்ச பாருங்கோ. இது என்ன தெரியுமோ? அந்தக் காலத்து அரசர்மார் வெத்திலை போட்டுத் துப்புற படிக்கம்.”

“சீ!” என்று அறுபது வாய்களும் ஒன்றாகச் சொன்னதில் எனக்குக் காது அடைத்தது.

அம்மா பாத்திரத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ பூ வாங்கிட்டு வா தம்பி” என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள். பிறகு பிள்ளைகளை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் போனாள். என்ன பேசினாள் என்று அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முந்தானைக்குள் இருந்த கை வெளியே வந்து என் பக்கமாக நீண்டதைப் பார்த்தேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விரல்களை மடக்கி ஏதோ எண்ணிச் சொன்னார். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். போகும்போது டீச்சர் என் தலையில் கை வைத்து, “வடிவாப் படிக்க வேணும், என்ன?” என்றார். அதை நான் மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் திட்டத்தின் அடுத்த பாதியும் பிசகவில்லை. நாங்கள் மேலே போனபோது அங்கே சிலர்தான் இருந்தார்கள். அம்மா பூவை வைத்துவிட்டு, யாருடைய முதுகும் குறுக்கே வராமல், கண்ணை மூடாமல் நேராகப் பார்த்துக் கும்பிட்டாள். வெகுநேரம் நின்றாள். யாரும் தள்ளவில்லை. அவள் என்ன கேட்டாளோ தெரியாது. அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோக வேண்டும் என்று நான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். “என்ன, வாசிச்சிச்சா?” என்றார் அப்பா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஒரு சீட்டு விடல” என்றாள் அம்மா.

“இங்கிலீசுமா?”

“பின்ன? மடமடன்னு வாசிச்சா. அரசருக்கு அரசி முடி வாரிவிட்டது, பலாப்பழக் கத்தி, வாய் அகலமான பாயசப் பாத்திரம், எல்லாத்தையும் வாசிச்சு அர்த்தமும் சொன்னா.”

“பாயசத்துக்கு என்னாத்துக்கு அவ்வளவு வாய் அகலமா பாத்திரம்?” என்று பக்கத்து வீட்டுச் சித்தி ஒருவர் கேட்டார்.

“அரசருக்கு வாய் பெருசு” என்றாள் அம்மா.

மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. “அக்கா, அந்தப் பாத்திரம்...” என்று அவர் தொடங்குவதற்குள் அம்மா ஒரு கோப்பை டீயை அவர் கையில் திணித்தாள். “ஆறிப்போகும், குடி.”

அப்பா காலைத் துடைத்துக்கொண்டார். “அப்ப தை மாசம் அனுப்பிருவோம்” என்றார். சொல்லிவிட்டு, “இவ்வளவு வாசிக்கிற புள்ளைக்கு இன்னும் படிக்க என்னா இருக்கு?” என்று கேட்டார்.

“பொடி எழுத்துல எழுதியிருந்தது கொஞ்சம் பாக்கியிருக்கு. அதுக்கு இன்னும் எட்டு வருசம் படிக்கணுமாம். ஒரு டீச்சர்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன்” என்றாள் அம்மா.

எல்லாரும் போனபிறகு நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு சந்தோஷப்பட முயற்சி செய்தேன். முடியவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு டீச்சர் உரத்துச் சொன்ன பிறகும் அம்மா என்னைத்தான் நம்புகிறாள். யார் எதைச் சொன்னாலும் இப்படி நம்பிவிடுகிற அம்மாவைப் பகல் முழுவதும் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி டவுனுக்குப் பள்ளிக்கூடம் போவேன் என்று, உண்மையாகவே, கவலைப்பட்டேன்.