லெந்து காலமும் டயாலிசிஸ் ரோஸ்டரும்

திங்கள்கிழமை காலை ஞானராஜ் சாரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து தன் காலால் நடந்து போனவர். இப்போது காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைக்கக்கூட முடியவில்லை. பல்ஸ் பார்த்தேன், மிகவும் மெதுவாக ஓடியது. ஈசிஜி தாளில் அலைகள் கூடாரம் அடித்ததுபோலக் கூராக நின்றன. பொட்டாசியம் ஏறிவிட்டது என்று அதைப் பார்த்தாலே தெரியும். டாக்டர் ஓடி வந்தார். கால்சியம் ஊசி போட்டு, மற்ற மருந்துகளையும் ஏற்றி, அவரை அவசரமாக மெஷினில் போட்டோம்.

“என்ன சார் சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர். உபவாசம்லா.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி எஸ்தர் அக்காதான் உண்மையைச் சொன்னார். “சாம்பல் புதன்லேருந்து பகல்ல பச்சத்தண்ணி கிடையாது. சாயங்காலம் ரெண்டு வாழப்பழம், ஒரு எளநி. நான் சொன்னா கேக்க மாட்டுக்காவ.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு வாழைப்பழமும் இளநீரும் விஷத்துக்குச் சமம். அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிடும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசக் காலமான லெந்து தொடங்கும் முன்பே ஒவ்வொரு கட்டிலாகப் போய் இதைச் சொல்லியிருந்தேன். ஞானராஜ் சாரும் தலையாட்டியிருந்தார்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் யூனிட்டில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். மெஷினைப் பற்றிப் புது நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. லெந்து வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ரமலானில் மேலப்பாளையத்து பாய்மாரோடு பேரீச்சம்பழத்துக்காக நான் பட்ட பாடு தனி. எல்லாருக்கும் கடவுள்மேல் பயம் இருந்தது. என்மேல்தான் யாருக்கும் பயம் இல்லை.

ஐயரைக் கூப்பிட்டேன்

புதன்கிழமை சார் நடந்தே வந்தார். பழத்தை விட்டுவிட்டேன் என்றார். நான் சந்தோஷப்படுவதற்குள், “பழமும் இல்லாம முழு உபவாசம் இருக்கலாம்னு தீர்மானிச்சிருக்கேன்” என்றார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்த மனுஷனுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கினேன். “கர்த்தர் பாத்துக்கிடுவார்” என்றார்.

கர்த்தர் பார்த்துக்கொள்ளத்தான் எங்களை நைட் டூட்டி, டே டூட்டி என்று போட்டு வைத்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு அவர்கள் சபைப் போதகருக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெள்ளிக்கிழமை அந்த ஐயர் வந்தார். சுகவீனருக்கு உபவாசம் கட்டாயமில்லை என்று நல்லவிதமாகவே எடுத்துச் சொன்னார். பிறகு ஜெபம் பண்ணினார். ஜெபத்தில், “இந்த வியாதிப் படுக்கையிலும் உம்மைத் தேடுகிற அடியானுடைய வைராக்கியத்துக்காக ஸ்தோத்திரம்” என்று ஒரு வரி வந்தது. சார் கண்ணை மூடியபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் சொன்ன புத்தியெல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐயர் போனதும் பொறுமை போய்விட்டது. “சார், உங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான். உப்பு இல்ல. காப்பி பாதி. கருவாடு இல்ல. வருஷம் பூரா லெந்துதானே அனுசரிக்கீங்க? இன்னும் என்னத்த விடணும்?”

அவர் பார்வை மெஷினில் சுற்றும் தன் ரத்தத்தில் இருந்தது. குரலை உயர்த்தாமல் பேசினார்.

“அதெல்லாம் நான் விட்டதில்ல சிஸ்டர். எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டது. நானா மனசோட விடுததுக்கு எனக்கு ஒண்ணாவது மிச்சம் வேணும்லா?”

பிபி பார்க்கும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்துபோனேன்.

அடுத்த தலைவலி

எங்கள் யூனிட்டில் காலை ஷிப்ட்டுக்குத்தான் போட்டி. முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கலாம். மாலை ஷிப்ட்டில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் வேலை. டயாலிசிஸ் முடிந்த தலைசுற்றலோடு பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்வாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தவளைத் திரும்ப எங்களிடமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை ஷிப்ட் கேட்டுக் கேட்டு அவள் ஓய்ந்துபோயிருந்தாள். இடம் இல்லை.

மறு திங்கள் சார் வந்ததும் கேட்டார். “அந்தக் கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு என் ஷிப்ட்டக் குடுங்க. லெந்து முடியுதவரைக்கும் நான் சாயங்காலம் வாறேன். சாப்பாட்ட ஒழுங்கா சாப்பிடுதேன். போதுமா?”

எனக்குச் சந்தோஷமா என்றால், இல்லை. யாருக்கு எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று போடும் ரோஸ்டர் ஒரு சீட்டுக்கட்டு வீடு. ஒன்றை உருவினால் எல்லாம் சாயும். மெஷின் மாற வேண்டும், டெக்னீஷியன் மாற வேண்டும், டாக்டர் ரவுண்ட்ஸ் மாற வேண்டும். “வேற ஏதாவது விடுங்களேன் சார். பேப்பர் படிக்கிறத விடுங்க” என்றேன். அவர் அசையவில்லை. ரோஸ்டரை அழித்துத் திருப்பி எழுதினேன்.

இரண்டு நாளில் ஐயர் போன் செய்தார். புதனும் வெள்ளியும் சாயங்கால லெந்து ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது ஞானராஜ் சார்தானாம். “ஷிப்ட்ட மாத்திட்டிய, இப்ப நான் யாரை வாசிக்கச் சொல்ல?” என்று என்னிடம் கோபப்பட்டார். அப்போதுதான் சார் எதை விட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த வாசிப்பு அவருக்கு உயிர் என்று எஸ்தர் அக்கா பிறகு சொன்னார்.

அதற்காக அவர் புனிதராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மாலை ஷிப்ட்டில் அவர் பண்ணிய ரகளை கொஞ்சமில்லை. ஏசி குளிருகிறது, பக்கத்துக் கட்டில்காரர் செல்போனில் சத்தமாகச் சீரியல் பார்க்கிறார், டீ ஆறிவிட்டது. எல்லாவற்றுக்கும் “சிஸ்டர்” என்று ஒரு குரல். ஆனால் சாப்பிட்டார். பொட்டாசியம் சொன்னபடி நின்றது. காலையில் இசக்கியம்மாள் வந்து, சத்தமில்லாமல் படுத்து, வெயில் ஏறும் நேரத்தில் பஸ் ஏறிப் போனாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கள் காலை நான் யூனிட்டைத் திறக்கும்போது வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சார், லெந்து முடிந்ததென்று தன் பழைய ஷிப்ட்டுக்கு வந்திருந்தார். இசக்கியம்மாளிடம் மாலை ஷிப்ட்டுக்குத் திரும்பச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் நிலைமையைப் புரிந்துகொண்டு, பையை எடுத்தாள்.

“நான் மத்தியானம் வாறேன் சார்வாள். நீங்க படுங்க. இத்தன நாளு குடுத்ததே பெருசு.”

“அவ்வளவு நேரம் எங்கன போயி இருப்ப?”

“பஸ் ஸ்டாண்டுலதான்.”

சார் என்னைப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு எழுந்தார். “நீ போய்ப் படும்மா. எனக்குச் சாயங்காலம் பழகிப்போச்சு.” பழகவில்லை என்பது அந்த யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும். பையப் பைய நடந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அன்று மாலை வந்து, வழக்கம்போல ஏசியைத் திட்டினார்.

பிள்ளைகளே, உபவாசம் இருக்கிற நோயாளியிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எதை விட முடியும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்னால் ரோஸ்டரைப் பென்சிலில் எழுதி வையுங்கள்.