கார்ப்பெட்டுக்குள் இருந்த கம்பு

1996 டிசம்பர் 14, சனிக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வெளியே 33 டிகிரி ஃபாரன்ஹீட், உறையும் குளிர். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஒரு தூறல். வெஸ்ட் வின்ட்சரில் மகன் வீட்டு கராஜில் மருமகள் சுழற்றிக்கொண்டிருந்த சிலம்பக் கம்பு இரண்டாக ஒடிந்தது. ஒரு துண்டு என் காதுக்கு ஓரடி தள்ளிப் பறந்து குப்பைத் தொட்டியில் மோதியது.

"பட்டுருச்சுங்களா மாமா?"

"படலை கண்ணு. பட்டிருந்தா? எனக்கு இங்க இன்சூரன்ஸ் கூட இல்லை."

அது மூன்றாவது கம்பு. மூன்றுமே அலமாரியில் துணி மாட்ட விற்கும் உருட்டு மரத்தடிகள். "மரம் வளையாதுங்க மாமா. மூங்கில் கெடைக்கலீன்னா பொங்கல் புரோகிராம்ல என் பேரை எடுக்கச் சொல்லிடறேன். எல்லாரையும் மாதிரி நானும் சினிமாப் பாட்டுக்கே ஆடிக்கறேன்."

"அப்படின்னா நான் பார்க்கிங் லாட்லயே நின்னுக்கறேன்" என்றான் மகன்.

வெள்ளைக்காரன் காலத்தில் சிலம்பத்துக்கே தடை இருந்ததென்று என் அப்பா சொல்வார். நான் பார்த்த நாளில் கோயில் திருவிழாவில் ஆண்கள் மட்டும் சுற்றினார்கள். மருமகள் கோபியில் படித்தபோது அது பள்ளி விளையாட்டாகிவிட்டது. பெண்களுக்கும் போட்டி, எதிராளியின் உடம்பில் கம்பு தொட்டால் புள்ளி. மாவட்டம் வரை போய் வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் கம்பைத் தொடவில்லை. இப்போது இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பெண்களே பொங்கலுக்குச் சுற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை விட்டால் இனி அவள் எடுக்கவே மாட்டாள் என்று எனக்குக் கவலை.

திங்கட்கிழமை எதிர்வீட்டுக்குப் புதுக் கார்ப்பெட் வந்தது. ஆட்கள் அதை விரித்ததும் சுருளின் நடுவிலிருந்து ஒரு நீள மூங்கிலை உருவி வெளியே போட்டார்கள். ஜன்னலில் நின்றபடியே கணுக்களை எண்ணினேன். பதினான்கு.

அன்று மாலையே மகனோடு கார்ப்பெட் கடைக்குப் போனேன். குப்பைக்குப் போவதுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். ஐந்து மூங்கில், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. வெட்டித் தரவா என்றும் கேட்டார். கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும்.

"உம் பொண்டாட்டி நெத்தி எவ்வளவு உசரம்?" என்று மகனைக் கேட்டேன்.

"அஞ்சடி இருக்கும்ப்பா."

"இருக்கும்னா? வெட்டினதை ஒட்ட முடியுமா?"

வெட்டாமலே ஏற்றினோம். பின்சீட்டை மடக்கி, முன்னால் டேஷ்போர்டு வரை நீட்டி, பின்னால் டிக்கிக்கு வெளியே நின்ற நுனிகளில் சிவப்புத் துணி கட்டினேன். ரூட் 1 நெடுஞ்சாலை சிக்னலில் மகன் பிரேக் போட்டான். கார் நின்றது, மூங்கில் நிற்கவில்லை. முன்கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை.

சிக்னல் பச்சையானது. பிறகு அவன் கேட்டான்: "இப்ப அளவு சரியா இருக்குங்களாப்பா?"

வீட்டில் மருமகள் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றாள். நெற்றி வரை ஐந்தடி இரண்டு அங்குலம். ஐந்து மூங்கிலில் பத்துக் கம்பு தேறியது.

ஜனவரி 18, பள்ளிக்கூட ஹால். கம்பு வேகம் பிடித்ததும் எழுந்த உறுமலில், ஓடித் திரிந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். நான் கூரை விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கும் தப்பின.

அடுத்த ஞாயிறு ஆறு பெண்கள் சிலம்பம் கற்றுக்கொள்ள கராஜுக்கு வந்தார்கள். மார்ச்சில் பதினொருவர். ஒருவருக்குக் கம்பு இல்லை, மறுபடி கார்ப்பெட் கடைக்குப் போனோம். இம்முறை அங்கேயே வெட்டி வாங்கினோம். புள்ளி எண்ணும் வேலையை மருமகள் எனக்குக் கொடுத்தாள்.

"அங்கிள், அது டச்சே ஆகலை!" என்பார் ஒரு டாக்டரம்மா.

"ரெண்டு தடவை ஆச்சும்மா. ஒண்ணுதான் போட்டிருக்கேன்."

கம்புக்குக் காசு இல்லை. கார்க் கண்ணாடிக்கு 286 டாலர் 40 சென்ட்.