நிழல் தொடும் கல்

கிட்ட வந்து உட்காருங்க. பைப் வெல்டருக்குச் சொந்த ஊருன்னு ஒண்ணு கிடையாது. பைப் எங்கே போகுதோ அதுதான் ஊர். திருவொற்றியூர்க்காரனான என்னை அது இமயமலைக்குள்ளே, மரமே இல்லாத ஒரு பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோச்சு. குடிதண்ணிக்கு பைப் போடுற வேலை. குடத்தோட லாரித் தண்ணிக்கு நின்னவங்க நீங்க, உங்களுக்குத்தான் இது புரியும்.

கீழே ஆறு

ஆறு அதல பாதாளத்துல ஓடுது. வயலெல்லாம் மேலே, சரிவுல படிப்படியா. ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு ஏறாது. இன்னும் உசரத்துல பனி உருகி வர்ற தண்ணியை, பாட்டன் காலத்துலயே மலையோரமா வாய்க்கால் வெட்டி மைல் கணக்குல கொண்டாந்திருக்காங்க. எங்க ஃபிட்டர் குணா, ராயபுரத்து ஆளு, எட்டிப் பார்த்துட்டுச் சொன்னான்: "மாமு, நம்மூர்ல ஆறு பக்கத்துல கீது, குடிக்க முடியல. இங்க குடிக்கலாம், எட்டல. ரெண்டு பேருக்கும் ஒரே பேஜாருதான்!"

முட்டுக் கொடுத்த கல்

ஒரு வாய்க்கால், ரெண்டு வயல். காலையில நோர்புன்னு ஒருத்தருக்குத் தண்ணி. வாய்க்கால் ஓரத்துல நட்ட கம்பத்தோட நிழல் ஒரு தட்டைக் கல்லைத் தொட்டா, மடையைத் திருப்பி பக்கத்து வயல் டோல்மா அம்மாவுக்கு. பனி வெயில்ல உருகணும் இல்லையா, காலைத் தண்ணி நூல் மாதிரி. மதியத்துக்கு மேலதான் பெருகும். இது எதுவும் தெரியாம, பைப்புக்கு முட்டுக் கொடுக்க அந்தக் கல்லை நான் உருட்டிக்கினு போயிட்டேன்.

விஷயம் தெரிஞ்சு கல்லைத் திருப்பிக் கொண்டாந்தா, சரியா எங்கே இருந்துச்சுன்னு எனக்கே சொல்ல வரலை. நோர்பு அதை ரெண்டடி தள்ளிப் போட்டு, "இங்கதான் இருந்துச்சு"ன்னு சாதிச்சாரு. நிழல் அங்கே தொட நேரமாகும், அதுவரைக்கும் பெருகி வர்ற தண்ணியிலயும் அவருக்குப் பங்கு! டோல்மா அம்மாவோட பார்லி கதிர் பிடிக்கிற நேரம். மூணாம் நாளே தலை தொங்கிப்போச்சு. அது போனா குளிர்காலத்துக்கு அந்த வீட்டுல மாவு இல்லை. அந்தம்மா என்னைத் திட்டலை. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இத்தனை கல்லு கிடக்கிற மலையில, உனக்கு அந்தக் கல்லுதான் கிடைச்சுதா?"

நாலு ராடு

மறுநாள் ஊர் கூடிச்சு. டோல்மா அம்மா நிதானமா பேசினாங்க: "கல்லை நீயே வை, நோர்பு. ஆனா இனிமே காலை முறை எனக்கு. நிழல் தொட்டப்புறம் உனக்கு."

நோர்பு கல்லுகிட்ட போனாரு. "இப்பதான் ஞாபகம் வருது"ன்னு சொல்லி, நிழல் சீக்கிரமே தொடுற மாதிரி, ரெண்டடிக்கு மூணடியா திருப்பி உருட்டினாரு. "மாமு, ரிவர்ஸ் எடுக்கிறாரு பாரு!"ன்னான் குணா.

அந்தம்மா என் பையில இருந்து நாலு வெல்டிங் ராடை உருவி, கல்லைச் சுத்தி மண்ணுல அடிச்சு இறக்கிட்டு எழுந்தாங்க. "எல்லாரும் பார்க்க நீ சொன்ன இடம், அதுவே இருக்கட்டும். முறை மட்டும் பழசாவே இருக்கட்டும்: காலையில உனக்கு, நிழல் தொட்டப்புறம் எனக்கு."

நாற்பது வருஷமா ராடு பிடிக்கிறேன், இவ்வளவு கெட்டியா ஒரு ஜாயிண்ட் நான் போட்டதில்லை.